பின்சீட்டு, இடது பக்கம்

சித்தெ உள்ள தள்ளி உக்காருங் தம்பி. ஆமாங், அப்படித்தான். போதும், போதும். முன்ன மாதிரி இருந்திருந்தா உங்களை ஜன்னல் கம்பியோட ஒட்ட வெச்சிருப்பேன். இப்ப எடம் எச்சாவே இருக்குது. என்ன, சட்டையைப் பாக்கறீங்களா? எரவல் சட்டை இல்லீங், என்னோடதுதான். தெச்சப்ப நான் நூத்தி ரெண்டு கிலோ. இப்ப எம்பத்தி நாலு. சீக்காளின்னு நெனச்சுராதீங். சர்க்கரை இல்லை, பிரசர் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒரு காருக்காக எளச்சேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, தப்பில்லை. காருக்காக எளச்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

எங்க எறங்கறீங்க? பொள்ளாச்சியா? அப்பச் சரி, நானும் அங்கதான். ஒட்டுக்கா எறங்கிக்கலாம். காதுல மாட்டியிருக்கறதைச் சித்தெ எடுங்களேன். காதுக்குக் கெடுதல். நான் ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். ஆங், அப்படி.

எம்பேரு மயில்சாமி. பொள்ளாச்சியில கொப்பரை மண்டிக்குப் பக்கத்துல எடை மேடையில முப்பத்தொரு வருஷம் வேலை பாத்தவன். லாரியோட ஏத்தி நிறுத்தி எடை போடுவாங்களே, அந்த மேடை. லோடு வண்டி தூரத்துல வாரப்பவே பின்பக்கம் எப்படிக் குந்தியிருக்குதுன்னு பாத்து இத்தனை டன்னுன்னு சொல்லீருவேன். மேடையில ஏத்திப் பாத்தா அம்பது கிலோ முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். டிரைவருங்க பந்தயம் கட்டித் தோத்திருக்காங்க.

எனக்கு ஒரே புள்ளைங். வான்மதின்னு பேரு. கோயமுத்தூருல, சுந்தராபுரத்துல கட்டிக் குடுத்திருக்குது. எம்பட சம்சாரம் போயி ரெண்டு வருஷமாச்சு. ஊட்டுல நான் ஒண்டி ஆளு. ஞாயித்துக்கெழமை காத்தால எட்டு மணிக்கு வான்மதி காரெடுத்துட்டு வருவா, என்னைக் கூட்டீட்டுப் போவா. அங்க சோறு தின்னு, சித்தெ படுத்து எந்திரிச்சா, சாயங்காலம் கொண்டாந்து உட்டுருவா. வாரம் பூரா நான் யாருகிட்டப் பேசறனுங்க? பால்காரங்கிட்ட ரெண்டு வார்த்தை. அப்பறம் டிவிகிட்ட. போகறப்ப ஒரு மணி நேரம், வாரப்ப ஒரு மணி நேரம் அவகூட அந்தக் காருல இருக்கறது தானுங் எனக்கு வாரம். மத்ததெல்லாம் சும்மா தேதி கிழிக்கறது.

அந்தக் காரு நான் வாங்கிக் குடுத்ததுங். கல்யாணத்துக்குச் சீரா குடுத்தேன். சின்னக் காருதான், பின்னாடி கதவை மேல தூக்கற மாதிரி. நானே போயிப் பாத்து, நானே கலர் சொல்லி, நானே பின்னாடி உக்காந்து பாத்து வாங்குனது. பின்சீட்டு, இடது பக்கம். அதான் எம்பட எடம். 'முன்னாடி உக்காருங்ப்பா'ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. நான் உக்காரமாட்டேன். முன்னாடி உக்காந்தா என்ன தெரியும்? ரோடு தெரியும். பின்னாடி இடது பக்கம் உக்காந்து பாருங்க, எல்லாம் தெரியும். அவ கை தெரியும், காலு தெரியும், கியரு தெரியும், மீட்டரு தெரியும், நடுக்கண்ணாடியில மொகம் தெரியும். மொகம் கோணுதா, கண்ணு கலங்குதா, அதுகூடத் தெரியும்.

நான் திட்டற ஆளில்லீங் தம்பி. சத்தியமாத் திட்டமாட்டேன். சொல்லுவேன், அவ்வளவுதான். கிளட்சுல காலை வெச்சுட்டே ஓட்டாதேம்பேன். ஆரன் அடிம்பேன். அந்த பஸ்ஸை முந்தாதே, இப்ப முந்து, ஏன் முந்தலைம்பேன். வண்டி ஓட்டறது மட்டுமில்லீங், வழியில மத்ததும் பேசோணுமில்ல? மாப்ளைக்குச் சம்பளம் ஏத்துனாங்களா, மாமியாகிட்ட என்ன பேசுனே, கல்யாணமாயி மூணு வருஷமாச்சே, டாக்டரைப் பாத்தீங்களா இல்லையா. ஒரு தகப்பன் கேக்காம யாரு கேப்பா?

அவ நல்ல புள்ளை. எதுத்துப் பேசவே மாட்டா. படிச்சு முடிச்சு பெங்களூருல வேலை கெடச்சு போனா. நாலு மாசம். எனக்குச் சோறு எறங்கலை. ஒரு நாளு வாடகைக் காரு எடுத்துட்டுப் போயிட்டேன். 'வா கண்ணு, ஊருக்குப் போலாம்'னேன். நான் கட்டாயப்படுத்தலீங். அவளேதான் வேலையை எழுதிக் குடுத்தா. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். ஓசூருல இருந்து அவிநாசி வரைக்கும் அழுதுட்டே வந்தா. பொண்ணுங்கன்னா அழத்தான் செய்யும். அப்பறம் சரியாப் போச்சு. மாப்ளையும் நாம் பாத்ததுதான். தரணிதரன்னு பேரு, பம்பு கம்பெனியில இஞ்சினீயரு. வாயில்லாத ஆளு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவாரு.

அந்த வாயில்லாத மனுசன் பண்ணுன வேலையைக் கேளுங்க. அப்படித்தான் நான் நெனச்சுட்டிருந்தேன் இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்.

மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை. வாசல்ல நிக்கறேன். வீதி முக்குல காரு திரும்புது. வண்டி பின்னாடி குந்திட்டு வருது. நூத்தம்பது கிலோவாச்சும் இருக்கும்னு மனசு கணக்குப் போட்டுருச்சு. யாரோ சொந்தக்காரங்க, ஒறம்பரை, பின்னாடி உக்காந்துட்டு வாராங்க போலன்னு நெனச்சேன். கிட்ட வந்து பாத்தா பின்னாடி ஈ காக்கா இல்லை. அவ முன்னாடி உக்காந்து ஓட்டறா, பக்கத்துல மாப்ளை.

'என்ன கண்ணு வண்டி இப்படி?'ன்னேன். 'எறக்கியிருக்குதுங்ப்பா'ன்னா. இப்பப் பசங்கல்லாம் காரை அப்படித்தான் பண்றாங்களாம். ஸ்பிரிங்கை மாத்தி, அகலமா வீலு போட்டு, வண்டியைத் தரையோட தரையா எறக்கீர்றது. நான் மாப்ளை பக்கம் திரும்பி, 'எதுக்கு மாப்ளே இதெல்லாம்?'னேன். அவரு அவளைப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்து, 'பாக்க நல்லா இருக்குமுங் மாமா'ன்னாரு. சரி, சின்ன வயசு ஆசைன்னு உட்டுட்டேன். பின்னாடி போயி எம்பட எடத்துல உக்காந்தேன். எங்க வீதியில மொத ஸ்பீடு பிரேக்கர் இருக்குது பாருங்க, அதுல ஏறி எறங்குச்சு. கர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். எனக்குக் கீழ இருந்து. தேங்கா துருவற மாதிரி. ரப்பரு கருகற நாத்தம் வேற.

எறங்கிப் பாத்தா, டயரு மேல போயி மட்கார்டு உள் ஓரத்துல உரசுது. தகடு டயரை நோண்டி நூல் நூலா எடுத்திருக்குது. 'நீங்க பின்னாடி உக்காந்தா உரசுதுங்ப்பா. டயரு வெடிச்சுரும். முன்னாடி வாங்க, அவரு பின்னாடி உக்காந்துக்குவாரு'ன்னா. மாப்ளை அறுபது கிலோ. அவரு உக்காந்தா உரசலை. எனக்கு எப்படியிருக்கும், சொல்லுங்க. என்னை எடுத்து வெச்சாத்தான் உரசுதாம். நான் முடியாதுன்னுட்டேன். நம்ம எடத்தை நாம உட்டுக் குடுக்கறதா?

ரெண்டு மாசம் ஒரு வழி பண்ணுனேன். ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னாடி வண்டியை நிறுத்தச் சொல்லி எறங்கீருவேன். வண்டி தாண்டிப் போயி நிக்கும். நான் நடந்து போயி மறுபடியும் ஏறிக்குவேன். எங்க வீதியில மூணு, ஊருக்குள்ள நாலு, அவ ஊட்டுப் பக்கம் அஞ்சு. பன்னெண்டு தடவை எறங்கி ஏறுவேன். பின்னாடி வாரவன் ஆரன் அடிப்பான். வழியில குழி வந்தா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும், கர்ர்ருங்கும். அவ பல்லைக் கடிச்சுட்டு ஓட்டுவா. கண்ணாடியில தெரியும்.

அப்பத்தான் தோணுச்சு. முப்பத்தொரு வருஷம் எடை போட்டவன், நம்ம எடையை நாம போட வேண்டாமா?

ஒரு ஞாயித்துக்கெழமை வந்தப்ப வண்டியை நேரா மண்டிக்கு உடச் சொன்னேன். எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. கொப்பரையை அஞ்சஞ்சு கிலோவாப் பைகள்ல கட்டி, எம்பட எடத்துல ஒண்ணொண்ணா வெச்சு, மண்டி வாசல் ஸ்பீடு பிரேக்கர்ல ஓட்டச் சொன்னேன். அறுபது கிலோ, சத்தமில்லை. எழுபது, இல்லை. எம்பது, இல்லை. எம்பத்தஞ்சு, இல்லை. தொண்ணூறு வெச்சேன், கர்ர்ர். மண்டி ஆளுங்க எல்லாம் கைதட்டுறாங்க. அவ ஸ்டேரிங்கைப் புடிச்சுட்டு நேராப் பாத்துட்டே உக்காந்திருக்கா. நான் ஜன்னல்கிட்டப் போயி, 'எம்பத்தஞ்சு தாங்குது கண்ணு. நான் எம்பத்தஞ்சுக்கு வந்தர்றேன்'னேன். அவ ஒண்ணுமே சொல்லலை. சந்தோசத்துல பேச்சு வரலைன்னு நெனச்சேன்.

அன்னியில இருந்து ராச்சோறு நிறுத்துனேன். காத்தால ராகிக் கஞ்சி. மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, மிச்சம் பூரா பூசணிக்காயி. எண்ணெய்ப் பண்டம் தொடறதில்லை. பல்லடம் ரோட்டுல காத்தால அஞ்சு கிலோமீட்டரு நடை. முட்டி வீங்குச்சு, நடந்தேன். வெள்ளிக்கெழமை தோறும் மண்டிக்குப் போயி கொப்பரைத் தராசுல ஏறி நிப்பேன். நம்ம எடை மேடையில நிக்க முடியாதுங், அது லாரித் தராசு, பத்து பத்தாத்தான் காட்டும். நூறு. தொண்ணூத்தேழு. தொண்ணூத்திமூணு. ஒவ்வொரு வாரமும் வான்மதிக்குப் போன் பண்ணிச் சொல்லுவேன். 'ஒடம்பைக் கெடுத்துக்காதீங்ப்பா'ம்பா. கொரல் ஒரு மாதிரி இருக்கும். பாசம், வேற என்ன?

ஆடி கடைசி வெள்ளிக்கெழமை எம்பத்தி நாலு. அன்னிக்கு மண்டி முழுக்க எளனி வாங்கிக் குடுத்தேன் தம்பி. ராத்திரி தூக்கமே வரலை. ஞாயித்துக்கெழமை அவ வந்தா, தனியா வந்தா. நான் மாப்ளை முறுக்குல போயி எம்பட எடத்துல உக்காந்தேன். சீட்டுகூட அகலமாயிப் போன மாதிரி இருந்துச்சு. 'ஓட்டு கண்ணு'ன்னேன். மொத ஸ்பீடு பிரேக்கர்.

கர்ர்ர்ர்.

எனக்கு நம்ப முடியலை. எறங்கிப் போயி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல வெரலை உட்டுப் பாத்தேன். மாசி மாசம் ரெண்டு வெரலு போச்சு. இப்ப ஒரு வெரலு போகலை. இன்னும் எறக்கியிருக்குது. நான் பதினெட்டுக் கிலோ கொறச்சதுக்கு அங்க ஒரு இஞ்சு எறக்கியிருக்குது. ரோட்டோரத்துல அப்படியே உக்காந்துட்டேன். அழுதுட்டேன் தம்பி, மறைக்கறதுக்கு என்ன. அவளும் வண்டிக்குள்ள அழுதா. நான் என்ன நெனச்சேன்? எல்லாம் மாப்ளை வேலை. பொண்டாட்டியோட அப்பன் ஊட்டுக்கு வாரது புடிக்கலை, வாயைத் தெறந்து சொல்லத் துப்பில்லை, காரை எறக்கறான். எம்புள்ளை அவங்கிட்ட மாட்டிட்டுத் தவிக்குது. அப்படித்தான் நெனச்சேன். வேற எப்படி நெனைக்கறது?

இன்னிக்குக் காத்தால எந்திரிச்சதும் முடிவு பண்ணிட்டேன். வண்டியில வொர்க்ஷாப்பு ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சு, அந்தப் போன் நம்பரை வெச்சு எடத்தைக் கேட்டுட்டுப் பஸ்ஸேறிப் போயிட்டேன். ஃபெலிக்ஸுன்னு ஒருத்தரு, அம்பது வயசு இருக்கும், மரியாதையான ஆளு. வண்டி நம்பரைச் சொன்னேன். 'எம்பட மாப்ளை சொன்னாருன்னு இப்படிப் பண்ணலாமுங்களா, பெரியவங்க உக்கார வேண்டாமா'ன்னு சத்தம் போட்டேன்.

அவரு ஸ்பேனரைக் கீழ வெச்சாரு. 'சாரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்கய்யா. அவரு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. மேடம்தான் வருவாங்க'ன்னாரு.

'உரசறது தெரியுமா?'ன்னேன்.

'தெரியாம என்னங்க. உள் ஓரத்துல தகடு மடிப்பு இருக்குதுங்களே, அதைச் சூடு காட்டி மேல மடிச்சு உட்டாப் போதும். அரை நாள் வேலை. மொத நாளே சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. போன மாசம் மறுபடியும் வந்து, பின்னாடி மட்டும் இன்னும் எறக்கோணும்னாங்க. மேடம், இதுக்கு மேல எறக்குனா ஒரு எழுபத்தஞ்சு கிலோ ஆளு உக்காந்தாலே உரசும்னேன். அப்படித்தான் வேணும்னாங்க.' சொல்லிப்போட்டு என்னையே பாத்தாரு. 'உரசாமப் பண்ணிக் குடுங்கன்னு கேட்டு வாரவங்களைத்தானுங்கய்யா இருபது வருஷமாப் பாக்கறேன். உரசற மாதிரி பண்ணிக் குடுங்கன்னு கேட்டது இவங்க ஒருத்தருதான்.'

அப்பவும் எனக்கு ஒறைக்கலை. மாப்ளை சொல்லி அனுப்பியிருப்பாரு, புள்ளை பயந்துட்டுச் செஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேதான் ஆட்டோ புடிச்சு அவ ஊட்டுக்குப் போனேன். சனிக்கெழமை, அவளுக்கு லீவு. மாப்ளை வேலைக்குப் போயிட்டாரு. மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தா. என்னைப் பாத்ததும் கையில இருந்த துணியை அப்படியே வாளியில போட்டுட்டா.

'வொர்க்ஷாப்புக்குப் போயிருந்தேன் அம்மிணி'ன்னேன். 'பயப்படாதே. அவரு என்ன சொல்லி மெரட்டுனாரு, எங்கிட்டச் சொல்லு.'

'அவரு ஒண்ணும் சொல்லலீங்ப்பா. நாந்தான் எறக்குனேன். ரெண்டு தடவையும் நாந்தான். அவரு எனக்காகப் பழி ஏத்துக்கிட்டாரு.'

'எதுக்கு?'

உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தா. நான் குடிக்கற வரைக்கும் நின்னா. அப்பறம் சொன்னா. ஒரு வார்த்தைகூட மறக்கலீங். 'நீங்க இல்லாத நாள்லயும் அந்தச் சீட்டுல இருந்து சத்தம் வருதுங்ப்பா. ஆபீஸ் போறப்ப வருது, காயி வாங்கப் போறப்ப வருது. கிளட்சை எடு, ஆரன் அடி, மொகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கே. கண்ணாடியைப் பாக்கவே பயமா இருக்குது. அங்க உக்காராதீங்கன்னு சொல்லத்தான் நெனைக்கறேன். வாயில வரலை. முப்பத்தி ரெண்டு வயசாச்சு, இன்னும் வரலை. பெங்களூருலயும் வரலை. அதான் வண்டியைச் சொல்ல வெச்சேன்.'

'நான் பட்டினி கெடந்து எளச்சது தெரிஞ்சுமா கண்ணு இன்னொருக்கா எறக்குனே?'ன்னு கேட்டேன்.

'தெரிஞ்சுதாங்ப்பா. வாரத்துக்கு வாரம் உங்க சட்டை தொளதொளன்னு ஆகறதைப் பாக்கப் பாக்கப் பயமாயிப் போச்சு. மறுபடியும் வந்து உக்காந்துருவீங்கன்னு. ஃபெலிக்ஸண்ணங்கிட்ட அப்படிச் சொல்லிட்டு வந்து ரெண்டு நாளு அழுதேன். ஆனா எறக்குனேன்.'

கோவம் வரோணுமில்ல? வரலீங். பெங்களூருல என்னமோ கேக்கோணும்னு அவ வாயைத் தெறந்து மூடுனது மட்டும் ஞாபகம் வந்துச்சு. நான் கெளம்பறேன்னேன். 'இருங்க, நானே கொண்டாந்து உடறேன்'னா. சாவியை எடுத்துட்டு வந்தவ படியில நின்னு சொன்னா, 'முன்னாடி உக்காருங்ப்பா. பொள்ளாச்சி வரைக்கும் நான் ஓட்டறதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அப்படி வந்துட்டீங்கன்னா திங்கக்கெழமையே வண்டியைப் பழையபடி மேல தூக்கிர்றேன். அடுத்த ஞாயித்துக்கெழமை நீங்க எங்க வேணா உக்காருங்க.'

இதென்ன பெரிய காரியம்? சரின்னுட்டேன்.

முன்சீட்டுல உக்காந்தேன். துண்டை எடுத்து வாயில வெச்சுக்கிட்டேன். ஈச்சனாரி தாண்டுச்சு. கோயிலைப் பாத்துக் கும்பிட்டுக்கோன்னு சொல்ல வந்துச்சு, முழுங்கிட்டேன். ஒரு வேன்காரன் இடது பக்கம் புகுந்து போனான். முழுங்கிட்டேன். அவ நல்லாத்தான் ஓட்டறா தம்பி. நான் பழக்குனது. மலுமிச்சம்பட்டி வந்தப்ப ஒரு அதிசயம் நடந்துச்சு. அவளாப் பேச ஆரம்பிச்சா. அவ ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்குதாம், தெனமும் எலுமிச்சஞ்சோறு மட்டுமே கொண்டாருமாம். மூணு வருஷமா அதே சோறு. ஏன்னு கேட்டா, அவிய ஊட்டு மரம் காச்சுக் கொட்டுதாம், என்ன பண்றதுங்குமாம். அந்தம்மா மாதிரியே பேசிக் காட்டுனா. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. எம்புள்ளை ஊரு கதை பேசி நான் கேட்டு எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கே தெரியலை. கேள்வி கேட்டாப் பதில் சொல்லுவா, அவ்வளவுதான் பழக்கம். இது நான் கேக்காமயே வருது. எனக்கு நெஞ்சு அப்படியே நெறஞ்சு போச்சுங். இனி காலம் பூரா முன்னாடியே உக்காந்துக்கலாம்னுகூடத் தோணுச்சு.

அப்பத்தான் அந்த ட்ராக்டரு. ஒத்தக்கால்மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, சந்துல இருந்து தென்னமட்டை லோடு ஏத்திட்டுத் திடுதிப்புன்னு ரோட்டுக்கு வந்துட்டான். நான் 'பிரேக்கு!'ன்னு கத்திட்டேன்.

நான் கத்தறதுக்கு முன்னாலயே வண்டி நின்னு போச்சுங். அவ பாத்துத்தான் இருந்திருக்கா. பேச்சு மட்டும் பாதியில நின்னுருச்சு. அப்பறம் அவ எம்பக்கம் திரும்பி, சிரிச்சுட்டே, 'பரவால்லீங்ப்பா. அவசரத்துக்குச் சொன்னது, இது கணக்கில்லை'ன்னா.

கணக்கில்லைன்னுட்டா தம்பி. மன்னிச்சுட்டா. நான் பேசாம இருந்திருந்தா இந்நேரம் ஊடு போயிச் சேந்திருப்பேன்.

எனக்கு அந்தச் சந்தோசத்துல வாயைக் கட்ட முடியலை. 'அதில்லை கண்ணு, சந்து வாரப்பவே கியரைக் கொறச்சிருக்கோணும். கதை பேசிட்டு ஓட்டுனா இப்படித்தான். ஆரன் எதுக்கு இருக்குது? நீ சின்னதுல இருந்தே...' அப்படியே போகுது. எத்தனை நேரம் பேசுனேன்னு தெரியலீங். ட்ராக்டரு போயி ரோடு காலியாயிப் போச்சு, பின்னாடி வண்டிங்க ஆரன் அடிச்சுட்டு ஒதுங்கிப் போகுது, நான் பேசிட்டே இருக்கறேன். திரும்பிப் பாத்தா அவ ஸ்டேரிங்குல நெத்தியை வெச்சுக் கவுந்திருக்கா. தோளு குலுங்குது. சத்தமே வரலை.

நான் கதவைத் தெறந்து எறங்கிட்டேன். அவ சொல்லலீங், நானாத்தான் எறங்குனேன். அவ வண்டியை ஓரமா நிறுத்திட்டு, கண்ணைத் தொடச்சுட்டு, ஜன்னல் பக்கம் எக்கி வந்து, 'ஏறுங்ப்பா. வெயில்ல நிக்காதீங்க. ஏறுங்க, போலாம்'னா. நெசமாத்தான் கூப்புட்டா. அவளுக்கு அந்தக் கல்நெஞ்சு கெடையாது.

'வேண்டாங் கண்ணு. ஏறுனாப் பேசுவேன்'னேன். 'வண்டி இப்படியே இருக்கட்டும். தூக்காதே.'

'நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்ப்பா'ன்னா.

'ஒனக்கு எப்ப வரோணும்னு தோணுதோ, அப்ப வா.'

அவ போகலீங். பஸ் ஸ்டாப்புல நான் நிக்கறேன், எதுத்தாப்புல அவ காருக்குள்ள உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாக்கலை. இந்த பஸ்ஸு வந்து நான் ஏறுன பொறவுதான் வண்டியைத் திருப்புனா. இண்டிகேட்டரு போடலை. நான் படிக்கட்டுல நின்னு பாத்துட்டேதான் இருந்தேன்.

ஆனா ஒண்ணு மட்டும் நீங்க நம்போணும் தம்பி. ட்ராக்டரு வந்துச்சுங். நெசமாலுமே வந்துச்சு.